விரல்களுக்கு வேலை கொடுங்கள்

(திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே, சிறு குழந்தைகளின் பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இந்த ஊர் விரல்களால் பிழைத்த ஊர். இந்த அரங்கை விட்டு வெளியே போனால், சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் பூக்காரம்மா யாரிடமோ விலை பேசிக்கொண்டே, பூவைக் குனிந்து பார்க்காமலே, நாரில் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருப்பார். உறையூரில் தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்தார்கள். திருச்சிராப்பள்ளிச் சுருட்டுக்குக் கடல் கடந்தும் பெயர் இருந்தது. செயற்கை வைரக் கல்லைப் பட்டை தீட்டும் தொழிலில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்தன. காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனால், விடியும் முன்பே வாசல் தெளித்துக் கோலமாவு பிடிக்கும் கைகளைப் பார்க்கலாம். இந்த வேலைகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். கட்டைவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் சந்தித்து, ஒரு சிறு பொருளை வேண்டிய அழுத்தத்தில் பிடித்து, வேண்டிய நேரத்தில் விடுவது.

அந்தச் சந்திப்பு ஒரு குழந்தைக்கு ஒன்பதாம் பத்தாம் மாதத்தில் தொடங்குகிறது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அது உரம் பெறுகிறது. அந்த ஆண்டுகளில் வீட்டில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் விரல்களை வளர்க்க வேண்டிய பொருள்கள் அத்தனையும் உங்கள் அடுப்படியில் இருக்கின்றன. கடையில் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. குறைவாக இருப்பது, குழந்தை தானே செய்து முடிக்கும்வரை நாம் காத்திருக்கும் நேரம்தான்.

முதலில் கை எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் உங்கள் விரலை வைத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அது தானாக நிகழும் அனிச்சைச் செயல். ஐந்தாறு மாதத்துக்குள் அது மறைந்து, குழந்தை விரும்பிப் பிடிக்கத் தொடங்கும். முதலில் முழுக் கையாலும் வாரி எடுக்கும். ஆறு ஏழு மாதத்தில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பொருளை மாற்றும். ஒன்பது பத்து மாதத்தில், தரையில் கிடக்கும் ஒற்றைப் பருக்கையை இரண்டு விரலால் எடுக்க முயலும். முதல் பிறந்தநாளை ஒட்டி அந்தப் பிடி தேர்ந்துவிடும். கையிலிருப்பதை வேண்டுமென்றே விடுவதும் அந்த நேரத்தில்தான் வருகிறது. கிண்ணத்தைத் திரும்பத் திரும்பக் கீழே போடும் குழந்தையை நாம் அதட்டுகிறோம். அது அப்போது விடுவதற்குப் பழகிக்கொண்டிருக்கிறது. அந்த வயதில் அதைவிட முக்கியமான பயிற்சி வேறு இல்லை.

வளர்ச்சி தோளிலிருந்து விரலை நோக்கி வருகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். தோளும் முழங்கையும் நிலையாக நின்றால்தான் மணிக்கட்டு திரும்பும். மணிக்கட்டு திரும்பினால்தான் விரல் நுனி நுணுக்கமான வேலை செய்யும். அதனால் தவழ்வதும், பெட்டியைத் தள்ளுவதும், பந்து எறிவதும், சின்ன விளக்குமாற்றால் கூட்டுவதும் விரலுக்கான பயிற்சியே.

மாதக் கணக்கில் குழந்தையின் வளர்ச்சியைக் கவனிக்கும் வழக்கம் ஆஸ்பத்திரி அட்டையோடு வந்தது என்று நினைக்கிறோம். நம் பிள்ளைத்தமிழை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை. கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி. உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டும் பருவம். பருவங்களை இப்படி வகுத்த இலக்கணம் எழுதப்படுவதற்கு முன்பே பெரியாழ்வார் கண்ணனைச் சப்பாணி கொட்டச் சொல்லிப் பாடிவிட்டார். அந்தத் திருமொழி இன்றும் ஸ்ரீரங்கத்தில் ஓதப்படுகிறது. நம் ஊர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1815 முதல் 1876 வரை வாழ்ந்தவர், திருவானைக்காவல் அகிலாண்டநாயகியையே குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். உலகத்தைப் பெற்ற தாயும் கை கொட்டிப் பழகித்தான் ஆக வேண்டும் என்பது எவ்வளவு அழகான கற்பனை!

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1991இல் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடைய குழுவினரும், பிறப்பு முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளின் வளர்ச்சியைச் சில நிமிடங்களில் சோதித்துப் பார்க்க ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். அதில் 17 செயல்கள்தான் உண்டு. மருத்துவர் அல்லாத களப்பணியாளரும் பயன்படுத்தலாம். பொருளைக் கை மாற்றுவது, சிறு மணி போன்ற பொருளை விரல் நுனியால் எடுப்பது, பந்து எறிவது ஆகியவற்றோடு கை கொட்டுவதும் அதில் ஒன்று. பாட்டுப் பாடிய புலவரும் அட்டவணை போட்ட மருத்துவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இரண்டு கையும் உடம்பின் நடுவில் சந்திப்பது பெரிய விஷயம் என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

பாட்டிகளே, உங்களிடம் இன்னொரு செல்வம் இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைவீர்கள். பிறகு அப்பாவுக்குக் கொஞ்சம், அம்மாவுக்குக் கொஞ்சம் என்று ஒவ்வொரு விரலாக மடக்குவீர்கள். கடைசியில் நண்டு ஊருது, நரி ஊருது என்று கை வழியே ஏறிக் கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுவீர்கள். ஐந்து விரலும் ஒன்றாக மூடித் திறந்த கையில், ஒரு விரல் மற்றொன்றிலிருந்து தனி என்று குழந்தைக்கு முதலில் புரிய வைப்பது இந்த விளையாட்டு. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. எந்தப் பொம்மையும் இதற்கு ஈடாகாது. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

இனி வீட்டுக்குள் போவோம். நம் வீட்டில் விரல் பழகும் முதல் இடம் சாப்பாட்டுத் தட்டு. கையால் சாப்பிடும் நமக்கு அது தானாகவே கிடைத்த வாய்ப்பு. ஆனால் இப்போது நடப்பது என்ன? குழந்தையின் கையில் செல்போன், அம்மாவின் கையில் ஸ்பூன், வாய் மட்டும் திறக்கிறது. இரண்டரை வயதுப் பிள்ளைக்கும் இப்படித்தான் ஊட்டுகிறோம். சட்டை அழுக்காகும், சோறு சிந்தும், நேரமாகும் என்பதுதான் காரணம். ஊட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊட்டுவதில் உள்ள பாசம் எனக்குத் தெரியும். ஊட்டும்போதே தட்டின் ஒரு ஓரத்தில் குழந்தையின் பங்கை வையுங்கள். மெத்தென்ற இட்லித் துண்டு, நன்றாக வெந்த கேரட், பழுத்த பப்பாளி, குழைந்த பருப்புச் சாதத்தில் பிடித்த சிறு உருண்டைகள். கீழே பழைய பேப்பரை விரித்துவிடுங்கள். பாதி வாய்க்குப் போகும், பாதி பேப்பருக்குப் போகும். மூன்று வேளையும், ஆண்டு முழுதும் நடக்கும் இந்தப் பயிற்சிக்கு ஈடாக எந்த வகுப்பும் நடத்த முடியாது.

ஒரு வயதை ஒட்டிய குழந்தைக்குப் போடுவதும் எடுப்பதும்தான் உலகம். ஒன்றுக்குள் ஒன்று போகும் எவர்சில்வர் டம்ளர்களைக் கொடுங்கள். ஒரு பழைய பால்பவுடர் டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில் வட்டமாக வெட்டி, கூர் இல்லாமல் பார்த்து, அதற்குள் பெரிய பாட்டில் மூடிகளைப் போடச் சொல்லுங்கள். சத்தம் கேட்கும், சிரிக்கும், மறுபடி போடும். துணி மடிக்கும்போது கைக்குட்டைகளைக் கொடுத்து ஒரு காலி டிஷ்யூ பெட்டிக்குள் திணிக்கவும் உருவவும் விடுங்கள்.

ஒன்றரை வயதில் கிழிக்கவும் உருவவும் ஆசை வரும். அப்போது கீரைக்கட்டை நடுவில் வையுங்கள். முருங்கைக்கீரையைக் காம்பிலிருந்து உருவலாம். கொத்தமல்லி இலையைக் கிள்ளலாம். வெண்ணெய் மாதிரி உருவி வராது. சில இலை கசங்கும், சில காம்போடு வரும். பரவாயில்லை. ஒரு கை பிடிக்க, இன்னொரு கை இழுக்கிறதே, அதைப் பாருங்கள். இரண்டு கைக்கும் தனித்தனி வேலை என்று மூளை கற்றுக்கொள்வது அங்கேதான். பின்னாளில் ஒரு கையால் நோட்டைப் பிடித்து மறு கையால் எழுதுவதும், சட்டையைப் பிடித்துப் பொத்தான் போடுவதும் இந்த இடத்திலிருந்து வருபவை.

இரண்டு வயதில் மூடிகள் வரட்டும். டிபன் பாக்ஸ், திருகு மூடி போட்ட காலி டப்பா, ஜிப் வைத்த பழைய பை. சப்பாத்தி போடும் அன்று ஒரு உருண்டை மாவு குழந்தைக்கு. அது தட்டும், உருட்டும், கிள்ளும், பாம்பாக நீட்டும். உள்ளங்கைத் தசைக்கு அதைவிட நல்லது இல்லை. கண்ணாடி வளையலைத் தவிர்த்து மற்ற பழைய வளையல்களைப் பூரிக்கட்டையில் ஒவ்வொன்றாகக் கோக்கச் சொல்லலாம். துணி காயப்போடும் கிளிப்பை ஒரு கிண்ணத்தின் விளிம்பில் மாட்டச் சொல்லுங்கள். கிளிப்பை அழுத்தித் திறக்கப் பெரிதும் பாடுபடுவார்கள். அந்தப் பாடுதான் விரலுக்கு வலு. சிறிய சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவதும், ஈரத்துணியைப் பிழிந்து தரையைத் துடைப்பதும் மணிக்கட்டைத் திருப்பிப் பழக்கும். மூன்று வயதில், வாசலில் அம்மா கோலம் போடும்போது பக்கத்தில் ஒரு கைப்பிடி பச்சரிசி மாவு கொடுங்கள். நேர்க்கோடு வராது. ஆனால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தேய்ந்து மாவு இறங்குவதை உணர்வார்கள்.

இவற்றைக் கல்வியாக உலகம் ஏற்றுக்கொண்ட வரலாற்றில் நம் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939இல், சென்னை அடையாறில் வாழ்ந்த அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பில் அங்கே வந்தார். சில மாதங்கள் தங்கத்தான் வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரி நாட்டுக்காரர் ஆனார். மகன் மாரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. அவருடைய 70ஆவது பிறந்தநாளை ஒட்டித்தான் மகனை விடுவித்தார்கள். போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருந்தார். அடையாறிலும் பிறகு கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கையைத்தான் அறிவின் கருவியாக அவர் கண்டார். அவருடைய முறையில் சிறு பிள்ளைகளின் முதல் பாடங்கள் என்ன தெரியுமா? தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேசை துடைப்பது, கூட்டுவது. இன்று அந்தப் பெயர் போட்ட பள்ளிகளுக்கு நாம் பெரிய தொகை கட்டுகிறோம். அந்தப் பாடங்களின் சாமான்கள் ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கின்றன.

வேலை என்று நான் சொல்வதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வட்டாரத்துச் செயற்கை வைரக் கல் பட்டறைகளில் ஒரு காலத்தில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளின் விரல்களை வேலை வாங்கினோம். அந்தப் பாவம் நமக்குத் தெரியும். நான் கேட்பது, குழந்தை விரும்பும்வரை, அம்மா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து நிமிடம் கலந்துகொள்வதை மட்டுமே. எழுந்து ஓடினால் ஓடட்டும். செய்து முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்த நிமிடத்தில் அது விளையாட்டாக இருக்காது.

அடுத்தது பாதுகாப்பு. இதைக் கவனமாகக் கேளுங்கள். மூன்று வயது ஆகாத குழந்தையின் கையில் ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய கெட்டிப் பொருள் எதையும் தனியே கொடுக்காதீர்கள். புளியங்கொட்டை, சோழி, காசு, கோலிக்குண்டு, பட்டாணி எல்லாம் மூச்சுக்குழாயில் சிக்கும். பேருந்து நிலையத்தில் பொட்டலமாக விற்கும் நிலக்கடலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஓடு உடைப்பது விரலுக்கு நல்ல வேலைதான். ஆனால் சிறு குழந்தைகளின் சுவாசக் குழாயில் சிக்குபவற்றில் கடலை முன் வரிசையில் நிற்கிறது. நான்கு வயதைத் தாண்டிய அண்ணனோ அக்காவோ உடைக்கட்டும். ரிமோட்டிலும் விளக்குப் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி இன்னும் கொடியது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தொண்டையில் ஏதாவது சிக்கினால், கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே போகும். 108ஐ அழையுங்கள். தண்ணீர் விளையாட்டு என்றால் சொம்பளவு தண்ணீர் போதும். பாதி நிறைந்த வாளியோடு ஒரு நிமிடம்கூடக் குழந்தையைத் தனியே விடக் கூடாது.

சத்திரத்தில் லால்குடிப் பஸ்ஸுக்கோ துறையூர்ப் பஸ்ஸுக்கோ நிற்கும்போது குழந்தை அழும். சுற்றிலும் பார்ப்பார்கள். கையில் செல்போனைக் கொடுத்தால் அழுகை நின்றுவிடும். அந்த அம்மாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன வரம்பை நினைவில் வையுங்கள். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. திரையில் விரல் வழுக்குகிறது. எடையும் இல்லை, எதிர்ப்பும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. பையில் ஒரு கைக்குட்டை, ஒரு டிபன் மூடி, இரண்டு பெரிய கிளிப் போட்டு வையுங்கள். ஒரு வாழைப்பழம் வாங்குங்கள். நுனியை நீங்கள் கிள்ளிக் கொடுத்தால், மீதித் தோலைக் குழந்தை உரித்துக்கொள்ளும். பஸ் வந்துவிடும்.

எழுத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். இரண்டரை வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, கோட்டுக்குள் எழுது என்று கட்டாயப்படுத்துகிறோம். பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால், அங்கே இருக்க வேண்டிய எட்டு எலும்புகளில் பொதுவாக ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் இன்னும் குருத்தெலும்பு. முதல் ஆண்டில் இரண்டு தெரியத் தொடங்கும். கடைசி எலும்பு தெரியப் பத்து வயதை ஒட்டி ஆகும். இரண்டு வயதில் ஒரு கோடு, மூன்று வயதில் ஒரு வட்டம், அதுவே போதும். தரையில் சாக்பீஸ், சுவரில் ஈரத்துணி, தட்டில் பரப்பிய ரவையில் விரல். அதில் கிறுக்கட்டும். கிறுக்கிக் கிறுக்கித்தான் கை எழுத்துக்கு வரும். ஒரு குழந்தை இடது கையால் எடுத்தால் தட்டிவிடாதீர்கள். அது குறை அல்ல.

எல்லாக் குழந்தையும் ஒரே நாளில் ஒரே செயலைச் செய்யாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழ வேண்டாம். ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் தள்ளிப்போடக் கூடாது. நான்கு மாதம் கடந்தும் கை எப்போதும் இறுக மூடியே இருப்பது, ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையைத் தொங்கவிடுவது, ஒரு வயது கடந்தும் சிறு பொருளை விரலால் எடுக்க முயலாமல் இருப்பது, முன்பு செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து பரிசோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. போகப் போகச் சரியாகும் என்று காத்திருப்பதைவிட, போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு வருவது நல்லது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், இப்படிப்பட்ட குழந்தைகளின் வீட்டுக்கே பணியாளர்களை அனுப்பி, அம்மாவின் கையிலேயே பயிற்சியை ஒப்படைக்கிறது. வீட்டுச் சாமான்களும் வீட்டு மனிதர்களும் எவ்வளவு தூரம் உதவ முடியும் என்பதற்கு அது கண்முன் இருக்கும் சான்று.

அங்கன்வாடித் தோழியரே, தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் இவ்வளவு தூரம் வேர்விட்டிருக்கிறது என்றால் அது உங்கள் உழைப்பு. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் உங்கள் கையில் இருக்கிறது. எடை போடுவது, பதிவேடு எழுதுவது, சத்துமாவு கொடுப்பது என்று எத்தனை வேலை உங்களுக்கு என்பதும் தெரியும். தாய்மார் கூடும் நாளில் கால் மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். பொம்மை வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு தாயையும் வீட்டிலிருந்து ஒரு மூடி, ஒரு டப்பா, ஒரு துணி கொண்டுவரச் சொல்லுங்கள். அதை எப்படிக் கொடுப்பது என்று குழந்தையை வைத்தே செய்து காட்டுங்கள். சொல்லிக் கேட்டதைவிடப் பார்த்தது நிலைக்கும்.

அப்பாக்களே, கீரை ஆய்வதும் துணி மடிப்பதும் அம்மா வேலை என்று இருந்தால், குழந்தையின் விரல் பழக வீட்டில் ஒருவர்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உட்கார்ந்து கீரை ஆயுங்கள். குழந்தை தானாக வந்து மடியில் ஏறும். தாத்தா பாட்டிகளே, வீட்டிலேயே அதிக நிதானம் உங்களிடம்தான் இருக்கிறது. மூடியைத் திறக்கக் குழந்தை திணறும்போது கை நீட்டிப் பிடுங்கிவிடாமல், ‘இன்னும் கொஞ்சம் திருகுடா தங்கம்’ என்று சொல்ல உங்களால் முடியும்.

குழந்தை திணறும் அந்த அரை நிமிடம்தான் நான் உங்களிடம் கேட்பது. நாம் திறந்து கொடுத்தால் டப்பா திறக்கும், வேலை முடியும், விரல் அப்படியே இருக்கும். குழந்தை திறந்தால் நேரமாகும், மூடி உருளும், உள்ளே இருப்பது கொட்டும், ஆனால் நாளைக்கு அந்த விரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும், நீங்கள் குழந்தைக்காகச் செய்யும் வேலைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். செருப்பு மாட்டுவதாக இருக்கலாம், வாழைப்பழம் உரிப்பதாக இருக்கலாம். அதைக் குழந்தையிடம் ஒப்படைத்துவிட்டு, அவசரப்படாமல் பக்கத்தில் இருங்கள். அடுத்த வாரம் இன்னொன்றைக் கொடுங்கள்.